தாட்சாயணி தேர்ந்தெடுத்த ப்ளோயர்

என் கறுப்புக் காரில் கீறல் விழுந்திருப்பதை எனக்குக் காட்டியது, அந்தக் கீறலை உண்டாக்கியவரேதான்.

2022 ஜனவரி, சங்கராந்தி முடிந்த மறு வாரம். திருப்பதியில் ரேணிகுண்டா சாலையை ஒட்டி இருக்கும் வாட்டர் வாஷ் ஷெட்டில் காரைக் கழுவக் கொடுத்திருந்தேன். கழுவி முடித்ததும் அதன் உரிமையாளர் தாட்சாயணி காரை நிழலிலிருந்து வெயிலுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

"சார், இந்தப் பக்கமா வந்து கொஞ்சம் சாஞ்சு பாருங்க."

சாய்ந்து பார்த்தேன். பானெட் முழுக்கத் தலைமுடி போல மெல்லிய கோடுகள், வட்டம் வட்டமாக.

"இது எங்க துணியால வந்தது. தொடைக்கிற துணியில மண்ணு மாட்டிக்கினு இருந்திருக்குது. நீங்களா பாத்துட்டு மனசு கஷ்டப்படறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். பாலிஷ் போட்டு சரி பண்ணித் தரேன் சார்."

எனக்கு வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, யார் மேல் தவறு என்று எழுதுவதுதான் என் இருபத்திரண்டு வருடப் பிழைப்பு. தன் தவறைத் தானே வெயிலில் நிறுத்திக் காட்டிய ஆளை அதுவரை நான் சந்தித்ததில்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. அன்றிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். நானும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நாகலாபுரத்துக்காரன் என்பதால் தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் இருவருக்குமே இருந்தது.

தாட்சாயணி பிறந்தது அதே எல்லையோரம், பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா அம்மா இருவரும் மற்றவர் வயலில் கரும்பு வெட்டியவர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பத்தாம் வகுப்பு வரை படித்தார். குடிபாலா பக்கத்து சிவசங்கரனுக்கு அவரைக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். சிவசங்கரன் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். 2005இல் இருவரும் திருப்பதிக்கு வந்தார்கள். ஊரைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கார் ஷோரூம்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. தவணையில் கார் கிடைக்கும் என்று ஆனதும், அதுவரை பஸ்ஸில் வந்து ஏழுமலையானைக் கும்பிட்ட குடும்பங்கள் சொந்தக் காரில் வரத் தொடங்கியிருந்தன. நான்கு வருடம் கழித்து சிவசங்கரன் குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போனார். தாட்சாயணி ஒரு ஷோரூமில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே எட்டு வருடம். தரை துடைப்பதுதான் வேலை என்று சேர்த்தார்கள். கார் துடைக்கும் ஆள் வராத நாளெல்லாம் அந்த வேலையும் அவர் தலையில் விழுந்தது. அதில்தான் அவருக்கு ருசி பிடித்தது. கார் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்வார்களாம்: விரல் நுனியால் பானெட்டைத் தடவுவது. "அந்த வெரலுக்கு ஒரு தூசி ஒட்டிச்சுன்னா, அப்பால சேல்ஸ்காரன் இன்னா பேசினாலும் ஏறாது சார்" என்பார்.

2017இல் வேலையை விட்டுவிட்டு இந்த ஷெட்டை எடுத்தார். அதே ஷோரூமில் கூட வேலை பார்த்த சுந்தரம்மாவும் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டு மறுநாள் காலை ஷெட்டில் வந்து நின்றார். தாட்சாயணியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். "நீ இல்லாத எடத்துல எனக்கு இன்னாடி வேலை?" என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கினாராம். பெண்கள் இருவர் நடத்தும் வாட்டர் வாஷ் என்று முதலில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பிறகு கழுவ வந்தார்கள்.

என் கார் விஷயத்துக்கு வருகிறேன். பாலிஷ் போட்டுக் கீறலை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் மனது அதிலேயே நின்றுவிட்டது. துணியை எத்தனை முறை அலசினாலும் ஒரு மணல் துகள் உள்ளே இருக்கத்தான் செய்யும். துடைக்காமல் விடவும் முடியாது. திருப்பதி போர்வெல் தண்ணீர் அப்படி; காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புக் கறை. பக்கவாட்டுக் கண்ணாடிக் கூட்டுக்குள்ளும் கதவுப் பிடிக்குள்ளும் தங்கும் தண்ணீர், துடைத்து முடித்துக் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது கண்ணீர் மாதிரி வழியும். போதாததற்குத் துணி பிழிந்து பிழிந்து சுந்தரம்மாவின் வலது தோள் மேலே தூக்க முடியாமல் போய்விட்டது.

"துணி மொதல்ல காரைத் தொடக்கூடாது. காத்து தொடணும்" என்று தாட்சாயணி முடிவுக்கு வந்தார்.

ஷெட்டில் ஒரு ப்ளோயர் ஏற்கனவே இருந்தது. வயர் வைத்தது, தரையில் தூசி ஊதுவதற்காக வாங்கியது. அதை எடுத்துக் காரைச் சுற்றி வந்தார்கள். வயர் ஈரத் தரையில் புரண்டது. டயருக்கு அடியில் சிக்கியது. இழுத்தால் காரின் ஓரத்தில் உரசியது. மூன்றாம் நாள் சுந்தரம்மாவின் கையில் சுருக்கென்று ஷாக் அடித்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆனால் தாட்சாயணி அந்த ப்ளோயரை அப்போதே மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார்.

அப்படித்தான் வயர் இல்லாத, பேட்டரியில் ஓடும் ப்ளோயரைத் தேட ஆரம்பித்தார்.

தம்பி ரமணா முதலில் உதவிக்கு வந்தான். டாக்ஸி ஓட்டுகிறவன், எதையும் செல்போனிலேயே வாங்குகிறவன். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் பெரிய எண் போட்ட ஒன்றை வரவழைத்தான். பெட்டியைப் பிரித்து, சார்ஜ் ஏற்றி, தாட்சாயணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கூரையை முடித்துப் பக்கவாட்டுக்கு வருவதற்குள் காற்று தளர்ந்துவிட்டது. ஆறே நிமிடம்.

"பெட்டியில நாப்பது நிமிசம்னு போட்டிருக்குதே அக்கா" என்றான் ரமணா.

"பெட்டி எங்க ஓடுது, மெஷின்தானே ஓடுது. திருப்பி அனுப்பிடு" என்றார் தாட்சாயணி.

அடுத்து ஊரில் சிட்டிபாபு என்பவரின் கருவிக் கடைக்கு ரமணாவையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்ததால் கூடப் போனேன். சிட்டிபாபு ரமணாவைப் பார்த்து, "செப்பண்டி சார்" என்றார். சொல்லுங்கள் என்கிறார். தாட்சாயணி பதில் சொன்னார். சிட்டிபாபு மறுபடியும் ரமணாவிடமே அடுத்த கேள்வியைக் கேட்டார். தாட்சாயணியே மறுபடியும் பதில் சொன்னார். தோட்டத்துச் சருகு ஊதுகிற, நீளக் குழாய் வைத்த ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, பெட்டியில் இருந்ததைப் படிக்கத் தொடங்கினார் சிட்டிபாபு.

"அண்ணா, படிக்க வேணாம். ஒரு பக்கெட்டு தண்ணி குடுங்க" என்றார் தாட்சாயணி தெலுங்கில்.

கடை வாசலில் சிட்டிபாபுவின் சொந்த ஸ்கூட்டரே நின்றிருந்தது. அனுமதி கேட்டுவிட்டு அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். மெஷினை இயக்கினார். தண்ணீர் பறந்தது, கூடவே தரையில் இருந்த மண்ணும் எழும்பி ஈர ஸ்கூட்டரின் மேல் சந்தனம் பூசிய மாதிரி அப்பிக்கொண்டது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். தாட்சாயணி யாரையும் பார்க்கவில்லை. நுனியைத் தொட்டுப் பார்த்தார். கடினமான பிளாஸ்டிக்.

"இது காருக்கு ஆவாது அண்ணா. வாய் அகலம். காத்து பரவுது, கூர்மையா போவல. மூக்கு பெயிண்ட்ல இடிச்சா கீறும்."

சிட்டிபாபு ஸ்கூட்டரைப் பார்த்தார், பிறகு முதல்முறையாக அவரைப் பார்த்தார். "நீங்க கேக்கற மாதிரி ரகம் என்கிட்ட இல்லம்மா. சித்தூர்ல கங்கையா வெச்சிருப்பாரு. நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். ஸ்கூட்டரைத் தாட்சாயணியே கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் குவைத்திலிருந்து சிவசங்கரன் வீடியோவில் வந்தார். "இருக்கறதுலயே பெருசா வாங்கு தாச்சு. இங்க பெரிய கம்பெனியில எல்லாம் முதுகுல மாட்டிக்கினு ஊதறாங்க."

"அவங்க முதுகு வேற, சுந்தரம்மாக்கா தோளு வேற மாமா. நான் பாத்துக்கறேன்" என்றார் தாட்சாயணி.

கங்கையா சித்தூரில் தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் கடை வைத்திருக்கிறார். குறைவாகப் பேசுகிறவர். தாட்சாயணி கேட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு, காட்சிக்கு வைத்திருந்த மூன்று மெஷின்களை எடுத்து மேசையில் வைத்தார். "இங்க கார் இல்ல. எடுத்துக்கிட்டுப் போய் ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. நாளன்னிக்குக் கொண்டாந்து குடுங்க" என்றார். அடமானமாக எதுவும் கேட்கவில்லை. சிட்டிபாபு போனில் அந்த ஸ்கூட்டர் கதையைச் சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பரீட்சைக்கு என் காரையே கொடுத்தேன். நான்கு முறை நனைத்தார்கள், நான்கு முறை உலர்த்தினார்கள். நான் கடிகாரம் பார்த்தேன், தாட்சாயணி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மெஷினைப் பிடித்தது சுந்தரம்மா. அதுதான் முக்கியம் என்றார் தாட்சாயணி. நாள் முழுக்கப் பிடிக்கப் போகிற கை அதுதானே.

பெரிய மெஷின் மூன்று நிமிடத்தில் காரை உலர்த்திவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. ஆனால் கதவின் கீழ்ப்பகுதிக்கு வந்தபோது தரைச் சேற்றை வாரி அடித்தது. முன்பக்க கிரில் இடுக்கில் நுழையவில்லை. முடித்ததும் சுந்தரம்மா அதைக் கீழே வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இத்தோட ஒரு கார்தான். ரெண்டாவது காருக்கு என்னை எதிர்பார்க்காத" என்றார்.

கைக்கு அடக்கமான சின்னது, கண்ணாடிக் கூட்டுத் தண்ணீரை அழகாக எடுத்தது. கூரைமேல் நின்ற தண்ணீரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளியதோடு சரி.

மூன்றாவது நடுத்தரம். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். நுனியில் ரப்பர் மூக்கு. முழு வேகத்தில் பேட்டரி ஒன்பது நிமிடத்தில் தீர்ந்தது. சுந்தரம்மா முகத்தைச் சுளித்தார். தாட்சாயணி சுளிக்கவில்லை. இன்னொரு பேட்டரியை மாட்டி, காரை மறுபடி நனைத்து, "இப்ப பாதி வேகத்துல ஊதுக்கா. ஆனா கிட்ட வெச்சு, மேலேர்ந்து கீழ வா" என்றார். ஒரு சாண் தூரத்தில் மூக்கைச் சாய்த்துப் பிடித்ததும், தண்ணீர் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருண்டு இறங்கியது. கூரை, கண்ணாடி, கதவுப் பிடி, விளக்கு இடுக்கு, சக்கர நட்டு, கடைசியில் நம்பர் பிளேட். ஐந்து நிமிடம். பாதி வேகத்தில் பேட்டரி பதினெட்டு நிமிடம் தாங்கியது.

"ஒரு பேட்டரிக்கு மூணு கார். ஒரு கார் கழுவ எப்படியும் முக்கா மணி நேரம் ஆவும். அதுக்குள்ள இன்னொண்ணு சார்ஜ் ஏறிடும்" என்று நோட்டை மூடினார்.

"இதேதானாம்மா?" என்றேன்.

"இதேதான் சார். இன்னொரு காரணமும் இருக்குது. பக்கத்துல பச்சையப்பண்ணன் தச்சுப்பட்டறையில வெச்சிருக்கற டிரில்லும் இதே கம்பெனி. பேட்டரி ரெண்டுக்கும் ஒண்ணு. அவசரத்துக்கு அவருக்கு நான், எனக்கு அவரு."

கங்கையாவிடம் மெஷினும் இரண்டு பேட்டரியும் வாங்கினார், கூடுதலாக ஒரு ரப்பர் மூக்கும். கூடுதல் மூக்கு எதற்கு என்று கங்கையா கேட்டாராம். தரைக்கு ஒன்று, காருக்கு ஒன்று என்று சொன்னதும், "இதுவரைக்கும் யாரும் என்னை இப்படிக் கேக்கல" என்று எழுந்து போய் உள்ளேயிருந்து எடுத்துவந்து கொடுத்தாராம்.

மெஷின் வந்த முதல் வாரமே ஒரு பாடம். சுந்தரம்மா ஆசையாக ஷெட் தரையின் புங்கை இலைகளை ஊதித் தள்ளினார். பத்தடி தள்ளி ஈரத்தோடு நின்றிருந்த வெள்ளைக் கார் ஒரு நொடியில் செம்மண் நிறமாயிற்று. மறுபடி கழுவினார்கள். அன்று முதல் சட்டம்: காலையில் முதல் வண்டி உள்ளே வருவதற்கு முன் தரையையும் அலமாரி இடுக்குகளையும் ஊதி முடித்துவிட வேண்டும், கார் ஈரமாக நிற்கும்போது தரைமூக்கு பெட்டியைவிட்டு வெளியே வரக்கூடாது. இரண்டு மாதத்தில் ஷெட்டில் கார் வரிசை சாலை வரைக்கும் நின்றது. சுந்தரம்மா கையைத் தலைக்கு மேல் தூக்கித் தானே கொண்டை போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். எனக்கு அதுதான் பெரிய செய்தியாகப் பட்டது.

ஜூன் மாதத்தில் தாட்சாயணிக்கு ஓர் எண்ணம் வந்தது. தான் வேலை பார்த்த ஷோரூமிலேயே, டெலிவரிக்குப் போகும் புதுக் கார்களைக் கழுவித் தயார் செய்யும் ஒப்பந்தம் காலியாகிறது என்று கேள்விப்பட்டார். மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மேலாளர் பவன்குமார் புதியவர், தாட்சாயணியைத் தெரியாதவர். பையைப் பிரித்ததும் சிரித்துவிட்டார்.

"இதை வைத்து வீட்டு வாசலை ஊதலாம் அம்மா" என்றார் தெலுங்கில். "பண்டிகை நாளில் எங்களுக்கு இருபது கார் போகும். உங்கள் பொம்மை தாங்காது. எங்களுக்குக் கம்ப்ரஸர் இருக்கிறது. ஆண்கள் நாலு பேர் உள்ள ஏஜென்சியைத்தான் பார்க்கிறோம்."

தாட்சாயணி மெஷினைப் பையில் திருப்பி வைத்தார். "ஓட்டிக் காட்டவான்னு ஒருமுறை கேட்டேன். நேரமில்லன்னாரு. வந்துட்டேன்" என்று மட்டும்தான் என்னிடம் சொன்னார். கோபமாகக்கூடப் பேசவில்லை. ஆனால் கிளம்பும்போது தன் போன் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பவன்குமாரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் சொருகிவிட்டு வந்தார்.

அந்த வருட விஜயதசமி அன்று விடியும்போதே மழை. முந்தின நாள் ஆயுத பூஜைக்குக் கார்கள் கழுவிக் களைத்து, ஷெட்டைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தார் தாட்சாயணி. காலை ஏழரைக்கு போன். பவன்குமார். குரலில் சிரிப்பு இல்லை.

ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். பத்தொன்பது கார் டெலிவரி. இரவெல்லாம் கார்கள் திறந்த யார்டில் நனைந்திருக்கின்றன. மழையில் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ஜெனரேட்டர் விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும்தான் காணும், கம்ப்ரஸரை இழுக்கவில்லை. ஏஜென்சி ஆட்களில் இருவர்தான் வந்திருக்கிறார்கள், அவர்கள் கையில் இருந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது. பொட்டு வைத்தால் சந்தனம் வழிகிறது.

"எத்தனை நேரத்தில் வருவீர்கள்?" என்று கேட்டார்.

தாட்சாயணி மனதுக்குள் கணக்குப் போட்டார். புதுக் கார், அழுக்கில்லை, தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கும். மூன்று நிமிடம் போதும். பத்தொன்பது கார், ஐம்பத்தேழு நிமிடம். தன்னிடம் இருப்பது இரண்டு பேட்டரி, முப்பத்தாறு நிமிடம்.

"எட்டரைக்கு அங்கே இருப்பேன். மேற்கூரைக்கு அடியில் நாலு காரை மட்டும் நிறுத்துங்கள். முடிக்க முடிக்க அடுத்ததைக் கொண்டுவாருங்கள். துணியோடு யாரும் காரைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு நேராகப் பச்சையப்பனின் பட்டறைக்குப் போனார்.

பட்டறையில் உளி, ரம்பம், டிரில், எல்லாம் ஆயுத பூஜைப் பலகையில் வரிசையாக இருந்தன. பேட்டரி இரண்டின் மேலும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. புனர்பூஜை செய்து எடுக்கும்வரை கருவியைத் தொடுவதில்லை என்பது வழக்கம். தாட்சாயணி வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார்.

பச்சையப்பன் பலகையைப் பார்த்தார். "பூஜை எதுக்கும்மா பண்றோம், வேலை நல்லா நடக்கணும்னுதானே. இப்ப வேலை வந்து நிக்குது. இரு" என்றார். கற்பூரம் ஏற்றிக் காட்டினார். பேட்டரி இரண்டையும் எடுத்துக் கையில் கொடுத்தார். "ஒண்ணு முழுசா இருக்குது. இன்னொண்ணுல கொஞ்சம்தான் இருக்கும். பொட்டை அழிச்சிடாத, அப்படியே எடுத்துக்கினு போ."

ரமணாவின் டாக்ஸியில் தாட்சாயணியும் சுந்தரம்மாவும் ஷோரூமுக்குப் போய் இறங்கியபோது வாசலில் குடைகளும் மாலைகளுமாகக் குடும்பங்கள் நின்றிருந்தன. குழந்தைகள், கல்யாணத்துக்கு வந்தது போலப் பட்டு உடுத்திய பெண்கள், எலுமிச்சம்பழப் பை பிடித்த பெரியவர்கள். ஒரு மனிதர் பவன்குமாரிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

தாட்சாயணி முந்தானையை இழுத்துச் செருகினார். முதல் காரை அவரே எடுத்தார். கூரையிலிருந்து காற்று இறங்கியது. தண்ணீர் ஒரு கோடாகத் திரண்டு கண்ணாடி வழியாக வழிந்து பானெட்டைத் தாண்டிக் கீழே விழுந்தது. பக்கவாட்டுக் கண்ணாடிக் கூட்டை மடக்கி ஊதினார், உள்ளேயிருந்து ஒரு கைப்பிடித் தண்ணீர் கொட்டியது. பின்னாலேயே சுந்தரம்மா உலர்ந்த புதுத் துணியோடு ஓரங்களை மட்டும் ஒற்றிக்கொண்டு வந்தார். கடிகாரம் பார்த்தது ரமணா. மூன்று நிமிடத்துக்குப் பத்து விநாடி குறைவு.

பூசாரி பொட்டு வைத்தார். சந்தனம் நின்றது.

கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்த மனிதருடையதுதான் அந்தக் கார். அவர் பேச்சை நிறுத்திவிட்டு வந்து விரல் நுனியால் பானெட்டைத் தடவினார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்து, "ரா, ரா" என்று அழைத்தார். அவ்வளவுதான், அதற்கப்புறம் வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. நான்காம் காருக்குப் பிறகு இருவரும் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். ஆறாம் காரில் முதல் பேட்டரி தீர்ந்தது. ஒன்பதரைக்கு மழையும் விட்டது. பன்னிரண்டாம் காரில் இரண்டாவது. பச்சையப்பனின் பொட்டு வைத்த பேட்டரியை மாட்டியபோது பூசாரி அதைப் பார்த்துவிட்டு ஒரு பூவை எடுத்து மெஷின் மேலும் வைத்தார். காற்றில் அது உடனே பறந்து போனது. எல்லோரும் சிரித்தார்கள், பவன்குமாரும் சேர்ந்து.

கடைசிக் கார் வரும்போது பத்து ஐம்பது. கொஞ்சமே சார்ஜ் இருந்த பேட்டரியில் ஒற்றை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. தாட்சாயணி பரந்த இடங்களைச் சுந்தரம்மாவின் துணிக்கு விட்டுவிட்டு, இடுக்குகளுக்கு மட்டும் காற்றைக் கொடுத்தார். நம்பர் பிளேட்டின் திருகை ஊதி முடித்தபோது மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. நல்ல நேரம் முடிய நாலு நிமிடம் இருந்தது. அந்தக் காரின் சாவியை வாங்கிய பெண், பள்ளி ஆசிரியை, முதல் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் வேலையைத் தாட்சாயணியிடமே கொடுத்தார்.

இதையெல்லாம் நான் நேரில் பார்க்கவில்லை. சுந்தரம்மா சொன்னது, ரமணா சொன்னது, பிறகு அந்த ஆசிரியை வண்டிக் காப்பீடு விஷயமாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது அவரே சொன்னது. மூன்றும் ஒத்துப்போயின. என் தொழிலில் அது அபூர்வம்.

வண்டிகள் போன பிறகு பவன்குமார் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த அந்தத் தாளை எடுத்துக் காட்டினாராம். "இதைத் தூக்கிப் போட நினைத்தேன். ஏனோ போடவில்லை" என்றார். பிறகு, "ஒப்பந்தத்துக்கு நாளை வருகிறீர்களா?" என்று கேட்டார்.

"வருகிறேன் சார். ஆனால் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். காற்றுக்கு முன்னால் துணி கிடையாது. ஆட்களை நான் எடுப்பேன், பெண்களைத்தான் எடுப்பேன். எந்த மெஷின் வாங்குவது என்பதையும் நானே பார்த்துத்தான் சொல்வேன்."

"மூன்றாவதைக் கேட்கவே வேண்டாம்" என்றார் பவன்குமார்.

மறுநாள் கையெழுத்தானது. குடிபாலா பக்கத்திலிருந்து ஐந்து பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களில் இருவர் அதற்கு முன் பெங்களூரில் துணித் தொழிற்சாலைக்குப் போய் வந்தவர்கள். இன்று இரண்டு ஷோரூம்களின் யார்டும் தாட்சாயணியிடம் இருக்கிறது. ஷெட்டில் நான்கு ப்ளோயர், ஒன்பது பேட்டரி. புது ரகம் எது வந்தாலும் கங்கையா கடையில் அடுக்குவதற்கு முன் ஒன்றை இங்கே அனுப்பிவைக்கிறார். அதில் இரண்டைத் தாட்சாயணி வேண்டாம் என்று திருப்பியிருக்கிறார், கங்கையாவும் அவற்றை விற்கவில்லை.

போன மாசி மாதம் சிவசங்கரன் குவைத்திலிருந்து ஒரேயடியாக வந்துவிட்டார். பதினான்கு வருடம் மற்றவர் காரை ஓட்டியவர், இப்போது மனைவியின் ஷெட்டில். நான் போன சனிக்கிழமை காரைக் கொண்டுபோனபோது ப்ளோயர் அவர் கையில் இருந்தது. முழு வேகத்தில் வைத்துக் கையை வீசி வீசி ஊதிக்கொண்டிருந்தார்.

"மாமா, பாதி வேகம் போதும். கிட்ட புடி. மேலேர்ந்து கீழ" என்றார் தாட்சாயணி, பில் போடும் இடத்திலிருந்து தலையைத் திருப்பாமலே.

சிவசங்கரன் என்னைப் பார்த்து அசடு வழிந்தார். வேகத்தைக் குறைத்தார், மூக்கைச் சாய்த்தார், கூரையிலிருந்து மறுபடியும் தொடங்கினார். என் காரின் கறுப்பு மேல் தண்ணீர் சுருண்டு இறங்கியது. எனக்குப் பின்னால் ஏழு கார்கள் வரிசையில் நின்றிருந்தன.